உப்புக்காற்று, ஓதம், வாட்டம்: சென்னையில் ஒரு கட்டடம் எத்தனை காலம் நிற்கும்?

மெரினாவில் கடலைப் பார்த்து நிற்கும் செனட் ஹவுஸ், ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1874-ல் தொடங்கி 1879-ல் கட்டி முடித்தது. அங்கிருந்து கரையை ஒட்டித் தெற்கே வந்தால் சாந்தோம், பட்டினப்பாக்கம். ஆற்றைக் கடந்தால் அடையாறு, பெசன்ட் நகர். இந்த வழி நெடுக 1970-களிலும் 80-களிலும் எழுந்த மூன்று மாடிக் குடியிருப்புகள் பல இப்போது இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. மிச்சமிருப்பவற்றில் இடிக்கலாமா வேண்டாமா என்று சங்கக் கூட்டங்களில் பேச்சு நடக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்ட வழி செய்யும் அடுக்குமாடி உரிமையாளர் சட்டமும் 2024-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அதே கடல், அதே காற்று, அதே மழை. ஒரு கட்டடம் நூற்று நாற்பது வயதைத் தாண்டியும் நிற்கிறது. இன்னொன்று நாற்பதிலேயே ஓய்ந்துபோகிறது.

நிலத்தின் விலை ஏறியதால் இடிபடும் வீடுகளும் இதில் உண்டு என்பது உண்மை. அந்தக் காலத்தில் கட்டியதில் விழுந்துபோனவை நம் கண்ணில் படுவதில்லை என்பதும் உண்மை. நின்றவற்றை மட்டும் பார்த்துவிட்டுப் பழையதெல்லாம் உறுதி என்று சொல்லிவிட முடியாது. செனட் ஹவுஸுக்கே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய அளவில் மராமத்து நடந்தது. இருந்தாலும் மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ எந்தக் குடியிருப்பில் கேட்டாலும் புகார் ஒன்றுதான்: சீலிங் ஒழுகுகிறது, சுவர் ஓதம் காக்கிறது, பால்கனியில் கம்பி தெரிகிறது. இந்த மூன்றும் விதி அல்ல. வீடு கட்டும்போது சில நூறு, சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய சின்னச் சின்ன வேலைகள் விட்டுப்போனதன் விளைவு.

தண்ணீர் வரும் மூன்று வழிகள்

சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். ஒன்பது மாதம் வெயிலில் காய்ந்து, விரிந்து சுருங்கி, மயிரிழை விரிசல் விட்ட மொட்டை மாடியின் மேல் திடீரென்று வாரக்கணக்கில் தண்ணீர். மேலிருந்து வரும் தண்ணீர் இது.

கீழிருந்து வருவது இன்னொன்று. தியாகராய நகர் இருக்கும் இடத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த அந்த ஏரியை 1920-களில் வடித்துவிட்டுத்தான் பனகல் பூங்காவும் அதைச் சுற்றிய தெருக்களும் உருவாயின. ஏரியைத் தூர்த்தாலும் களிமண் எங்கும் போய்விடவில்லை. மழைக்காலத்தில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் சுவர் அந்த ஈரத்தை மேலே இழுக்கிறது. அடையாற்றின் கரைக்கு வேறு கதை. 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த பேய்மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. ஆறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. வெள்ளம் சில நாளில் வடிந்துவிட்டது. சுவருக்குள் போன தண்ணீர் வடிய மாதக்கணக்கானது. அது காயக் காய, உள்ளே கரைந்திருந்த உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

மூன்றாவது, பக்கவாட்டில் வரும் காற்று. மத்தியானம் வீசும் கடற்காற்றுக்காக ஏங்காத சென்னைவாசி இல்லை. அந்தக் காற்று அலை தெறிக்கும் உப்பையும் சுமந்துகொண்டு வருகிறது. கரையிலிருந்து தூரம் போகப் போக உப்பின் அளவு மளமளவென்று குறையும். அதனால்தான் எலியட்ஸ் பீச் பக்கத்து வீட்டில் ஜன்னல் கிரில்லும் ஏசி அவுட்டோர் யூனிட்டும் படும் பாட்டை தி.நகர்க்காரர் அவ்வளவாகப் பார்த்திருக்க மாட்டார்.

ஒரு பால்கனியின் அடிப்பக்கம்

சாந்தோம் பக்கம் போகும்போது ஏதாவது ஒரு பழைய குடியிருப்பின் கீழே நின்று பால்கனிகளை அண்ணாந்து பாருங்கள். எல்லாக் கட்டமும் ஒரே வரிசையில் தெரியும்.

முதலில் பெயின்ட் உப்பியிருக்கும். அடுத்த வீட்டில் ஒரு மெல்லிய விரிசல். கோணல்மாணலாக இல்லாமல் அளவுகோல் வைத்துக் கீறியதுபோல நேராக ஓடும். அதற்குப் பக்கத்தில் பழுப்புக் கறை வடிந்திருக்கும். அதற்கும் அடுத்த வீட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து, கருஞ்சிவப்பாகச் செதில் செதிலாக உரியும் கம்பி வெளியே தெரியும். விரிசல் நேராக ஓடுவதற்குக் காரணம், அது கம்பி போகும் பாதையிலேயே விழுகிறது என்பதுதான்.

நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது; பி.ஹெச். அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உருவாகி, துரு பிடிக்காமல் காக்கிறது. கடல் உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளை வழியாக உள்ளே புகுந்து கம்பியை எட்டினால் படலம் உடைகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போய்க் காரத்தைக் குறைத்தாலும் இதே கதிதான். துருவாக மாறிய இரும்பு முன்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளேயிருந்து தள்ளும் அந்த விசையைத் தாங்க முடியாமல்தான் கான்கிரீட் பிளக்கிறது.

இது அழகு கெடும் விஷயம் மட்டும் அல்ல. 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அடுக்குமாடியின் சன்ஷேடு பெயர்ந்து விழுந்து, கீழே இருந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 2021 டிசம்பர் 27-ம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட கட்டடப் பகுதி முழுதாகச் சரிந்தது. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறியிருந்ததால் உயிர்கள் தப்பின. விரிசலைப் பார்ப்பவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த நாளே சாட்சி.

நாற்பத்தைந்து மில்லிமீட்டர்

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டின் தடிமனை சைட்டில் ‘கவர்’ என்பார்கள். கடலோரக் கட்டடத்தின் ஆயுள் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, 2000-ம் ஆண்டுப் பதிப்பில் சூழலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. மழையும் உப்பும் படாத உட்புறத்துக்கு 20 மி.மீ. கவர் போதும். கடலோரச் சூழலுக்கு நேரடியாக ஆளாகும் பகுதிக்கு 45 மி.மீ. வேண்டும், கான்கிரீட்டும் எம்30 தரத்துக்குக் குறையக்கூடாது. அலைச்சாரல் தெறிக்கும் இடமென்றால் 50 மி.மீ.

காகிதத்தில் 45 என்று எழுதிவிட்டால் சுவரில் 45 வந்துவிடாது. கவர் கட்டை வாங்கி வைக்காத சைட்டில், கம்பியைத் தூக்கிப் பிடித்து அடியில் ஒரு ஜல்லிக்கல்லைச் சொருகுவார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்தால் கல் நழுவும். கம்பி சென்ட்ரிங் பலகையில் போய் உட்கார்ந்துவிடும். பலகையைப் பிரித்ததும் கம்பியின் தடம் தெரியும். மேஸ்திரி அதன் மேல் கலவையைப் பூசி மறைத்துவிடுவார். இருபது வருடம் கழித்துக் காரை பெயரப் போகும் இடம் அன்றைக்கே குறித்தாகிவிட்டது. பால்கனிக்கு இது இரட்டை ஆபத்து. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்குப் பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். அது மிதிபட்டுக் கீழே இறங்கினால் பலமும் போகிறது, பாதுகாப்பும் போகிறது.

அடுத்தது தண்ணீர். கடலோரக் கான்கிரீட்டுக்கு சிமென்ட்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது அதே தர நிர்ணயம். 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், மணலில் இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. கலவை இறுகலாக இருக்கிறதே என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றினால் வேலை சுலபமாக ஓடும். அந்த உபரித் தண்ணீர் ஆவியாகிப் போன வழியெல்லாம் நுண்துளைகள். பின்னாளில் உப்பு உள்ளே வருவது அந்த வழியாகத்தான்.

ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் போர் தண்ணீர் உவர்ப்பாக இருப்பது எல்லாருக்கும் தெரியும். கம்பி போடும் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதைத் தாண்டிய தண்ணீரில் கலந்தால், கடல் வந்து தாக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எதிரியைக் கட்டும்போதே உள்ளே குடிவைத்தாகிவிட்டது. தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஆகும் செலவு, ஒரு வீட்டுக்கு வாங்கும் டைல்ஸ் செலவில் தூசு.

கியூரிங் கடைசிப் படி. தளம் போட்டால் பாத்தி கட்டி, தூணுக்குச் சாக்கு சுற்றி, குறைந்தது ஏழு நாள். இன்று கடைகளில் பரவலாக விற்கும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் குறைந்தது பத்து நாள். வெயில் காலத்தில் பதினான்கு நாள். தளத்துக்குக் காட்டும் அக்கறையைத் தூணுக்கு யாரும் காட்டுவதில்லை. காலையில் ஹோஸ் பைப்பில் ஒரு தெளி, அவ்வளவுதான்.

அடித்து அடித்து இறுக்கிய தளம்

கம்பியும் சிமென்ட்டும் வராத காலத்தில் இந்த ஊர் மழைக்கு என்ன செய்தது? ஊர்ப்பெயராலேயே வழங்கும் பதில் ஒன்று இருக்கிறது: மெட்ராஸ் டெரஸ்.

சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள் வரிசையாகப் போடுவார்கள். அவற்றின் மேல் ஒரு அங்குலத் தடிமனே உள்ள சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, செங்குத்தாக நிறுத்தி, கட்டைகளுக்குக் குறுக்குக் கோணத்தில் மூலையிலிருந்து தொடங்கி நெருக்கமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை, மூன்று நான்கு அங்குலத்துக்கு. அடுத்ததுதான் முக்கியமான வேலை. வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். அடிக்கும் கட்டை தளத்தில் தடம் பதிக்காமல் துள்ளி எழும்போதுதான் வேலை முடிந்தது என்று அர்த்தம். கடைசியாகத் தட்டோடு. மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் சிலவற்றில் இந்தத் தளத்தை இன்றும் பார்க்கலாம். தலையை உயர்த்தினால் கட்டைகளுக்கு நடுவே சாய்ந்த செங்கல் வரிசை தெரியும்.

இந்தத் தளத்தில் துருப்பிடிக்க இரும்புக் கம்பி இல்லை. அதன் ஆயுளுக்குப் பாதிக் காரணம் அதுவே. மீதிப் பாதி சுண்ணாம்பின் குணம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதனால் சுவர் நனைந்து காயும், நனைந்து காயும்; ஈரம் உள்ளே தங்காது.

தேக்குக் கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடம்தான் இந்த முறையின் பலவீனம். அங்கே ஓதம் சேர்ந்தால் மரம் உளுத்துவிடும், கரையான் ஏறிவிடும். தளத்தைக் கவனிக்க ஆள் இருக்கும்வரை இது நூறாண்டு தாங்கும். கவனிப்பு நின்ற வீடுகள் பத்தாண்டில் ஒழுகத் தொடங்கின.

இந்தக் கைவேலை அடியோடு மறைந்துவிடவில்லை. ஆற்காடு நவாபுக்காக 1768-ல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. இடித்துவிட்டுப் புதுக்கட்டடம் எழுப்புவதே சுலபம் என்ற நிலையில், பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புக் கலவையும் கடுக்காய், வெல்லமும் கொண்டு பழைய முறையிலேயே மீட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கேதான் நடக்கிறது. பக்கத்திலிருக்கும் ஹுமாயூன் மகாலும் அதே வழியில் சீரமைக்கப்பட்டது. கொத்தனார்களைத் தேடிப் பிடித்து, அரைத்த சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, பொறுமையாகச் செய்த வேலை அது.

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பழைய வீடு வைத்திருப்பவர்கள் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. சுண்ணாம்புச் சுவரில் ஓதம் தெரிந்ததும் அதைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பார்கள். இரண்டு வருடம் பளிச்சென்று இருக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே ஏறி, இடுப்பு உயரத்தில் தெரிந்த கறை தோள் உயரத்துக்குப் போய்விடும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் மருந்து.

கீழிருந்து ஏறும் ஓதத்துக்கு முதல் தடுப்பு, அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே போடும் டி.பி.சி. என்ற தடுப்புப் பட்டை. அது தரைமட்டத்துக்கு மேலே இருக்கும்வரை வேலை செய்யும். சென்னையில் சாலையே அதைப் புதைத்துவிடுகிறது. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடுகள் படியிறங்கிப் போகும் பள்ளமாகிவிட்டன. பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு 2021-ல் உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை போடும்போது அதை நினைவுபடுத்துவது குடியிருப்போர் சங்கத்தின் கடமை.

வாட்டம் இல்லாத தளம்

அமெரிக்காவின் மயாமி அருகே சர்ஃப்சைடு என்ற கடலோர ஊரில், 1981-ல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பின் பெரும்பகுதி 2021 ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின் சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2018-ல், அந்தக் கட்டடத்தைச் சோதித்த பொறியாளர் ஒரு குறையை எழுதியிருந்தார்: நீச்சல்குளத் தளம் தண்ணீர் வடியும்படி வாட்டமாக இல்லாமல் மட்டமாகப் போடப்பட்டிருக்கிறது, நீர்த்தடுப்பு செயலிழந்துவிட்டது, அடியிலுள்ள கான்கிரீட் பழுதாகிறது. அந்தத் தளத்தின் வடிவமைப்பிலேயே போதிய பலம் இல்லை என்றும் பின்னர் நடந்த அரசு விசாரணை கண்டது. வடிவமைப்புக் குறையும் தேங்கிய தண்ணீரும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. பழுதுபார்க்கும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்ற பேச்சிலேயே அங்கு ஆண்டுகள் கழிந்தன. நம்மூர் சங்கக் கூட்டங்களுக்குப் போய் வருபவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மொட்டை மாடிக்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் இருந்தால் எந்த மழையும் நிற்காமல் ஓடும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் கலவையால் உருட்டிப் பூச வேண்டும்; ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும். தட்டோட்டுக்கு நடுவே உள்ள இணைப்புகளைச் சில வருடத்துக்கு ஒருமுறை அடைக்க வேண்டும். டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் பேனலுக்கும் தளத்தைத் துளைத்து போல்ட் அடித்தால், நீர்த்தடுப்பு அந்த இடத்தோடு முடிந்தது. மாடித் தண்ணீரை இறக்கும் குழாயைக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடுவது 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அந்தக் குழாய் அடைப்பில்லாமல் இருந்தால் நிலத்தடி நீரும் ஏறும், கூரையும் காயும்.

சன்ஷேடின் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே ஒரு சிறிய காடி எடுத்துவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிக் கீழே விழும். காடி இல்லையென்றால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவரைத் தொடும். ஜன்னல் அடிக்கட்டை வெளிப்பக்கம் சாய்வாக இருக்க வேண்டும். ஏசி தண்ணீர்க் குழாயைக் கீழ் வீட்டு சன்ஷேடில் சொட்ட விடாமல் வடிகால் வரை இறக்க வேண்டும். பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டுமுன் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டால், மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் வருடக்கணக்கில் நடக்கும் சண்டை ஒன்று குறையும்.

சுட்ட களிமண்ணின் மறுவரவு

கம்பி அரிப்பைப் பற்றி உலகத் தரத்தில் ஆராயும் நிலையங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1953-ல் திறந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களை உப்புக்காற்றில் காட்டி வைத்தே ஆண்டுக்கணக்கில் சோதித்து வருகிறது. அடையாற்றை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யில் கட்டடப் பொறியியல் துறையினர், எல்.சி.3 என்ற புதிய சிமென்ட்டை சுவிட்சர்லாந்து, தில்லி ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்குவதில் பங்கெடுத்தார்கள். வழக்கமான சிமென்ட்டின் அடிப்படையான கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணையும் அரைத்த சுண்ணாம்புக் கல்லையும் சேர்ப்பது இதன் முறை. நுண்துளைகள் மிகச் சிறியவை ஆவதால் குளோரைடு உள்ளே போவது வெகுவாகக் குறைகிறது. கடலோர ஊருக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை.

பழைய கொத்தனார்கள் சுண்ணாம்போடு செங்கல் தூளைச் சேர்த்து அரைத்ததும் இதே வேதியியலை நம்பித்தான். சுட்ட களிமண் சுண்ணாம்போடு வினைபுரிந்து நீரிலும் இறுகும் பிணைப்பைத் தருகிறது. இன்று அதை அளந்து, சோதித்து, மூட்டையில் அடைக்கிறார்கள்.

எந்த சிமென்ட் வந்தாலும் கவர் கட்டை இல்லாத கம்பியைக் காப்பாற்றாது. பூஜை நாளில் பில்டரிடம் கார் பார்க்கிங்கையும் டைல்ஸ் கம்பெனியையும் கேட்பவர்கள், இந்த நான்கையும் சேர்த்துக் கேட்கட்டும்: வெளிப்புறத் தூணுக்கும் பால்கனிக்கும் கவர் எத்தனை மில்லிமீட்டர்? கலவைத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை எங்கே? தூணுக்கு எத்தனை நாள் கியூரிங்? பாத்ரூமில் தண்ணீர் நிறுத்திச் சோதித்தீர்களா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் பில்டரிடம் வீடு வாங்கலாம்.

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடிக்குப் போய் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இறங்கி வரும்போது ஒவ்வொரு பால்கனியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். நேராக ஓடும் விரிசல் ஒன்று கண்ணில் பட்டாலும், பெயின்ட்காரரைக் கூப்பிடாமல் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.